இடுப்பு வலியும், சொல்லக் கூசிய ஒரு வார்த்தையும்



இந்தப் பக்கத்துக்கு இதுவரை ராகி முறுக்கு, கொள்ளுச் சட்னி என்று இரண்டு சமையல் குறிப்புகள்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை இடுப்பு வலியைப் பற்றி எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. மருத்துவம் படித்தவள் இல்லை. எனக்கு வந்த வலி, என் நாத்தனாருக்கு வந்த வலி, அதற்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தபோது டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, இவ்வளவுதான் என் படிப்பு.

எங்கள் ஊர் உத்தனப்பள்ளி. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் ரோட்டில் இருக்கிறது. தக்காளியும் ரோஜாவும் ராகியும் ஒரு பக்கம், விடிவதற்குள் வந்து நிற்கும் கம்பெனி பஸ்கள் இன்னொரு பக்கம். தோட்டத்தில் குனிந்து பறிப்பவர்களும் சரி, கம்பெனியில் எட்டு மணி நேரம் நிற்பவர்களும் சரி, வீட்டிலேயே இருக்கும் என்னைப் போன்றவர்களும் சரி, சாயங்காலம் ஆனால் இடுப்பில் கை வைக்காத பெண் கிடையாது. "இது பொம்பளைங்களுக்குச் சகஜம்" என்று என் மாமியார் சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2022 பொங்கலுக்கு வீடு கழுவ, ராகி மூட்டையை ஓரமாக நகர்த்தினேன். முழு மூட்டை இல்லை, அரை மூட்டைதான். குனிந்து, இழுத்து, அப்படியே இடுப்பைத் திருப்பினேன். முதுகில் 'சுளீர்' என்றது. அன்றைக்கு ஏதோ பிடிப்பு என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை பல் விளக்கக் குனிந்தபோது தும்மல் வந்தது. இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வழியே கால் பெருவிரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வலி. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டு வைத்தியம் எல்லாம் நடந்தது. தைலம், ஒத்தடம், உப்பு வறுத்துக் கட்டுவது. கால் முன்னால் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு போகும் என்று நம் பக்கம் சொல்வார்கள் இல்லையா? எங்கள் தெருவில் அப்படிப் பிறந்த பையன் ஒருவன் இருக்கிறான், ஒன்பதாவது படிக்கிறவன். அவனைக் கூட்டி வந்து மூன்று முறை மிதிக்க வைத்தார்கள். பாவம், அவனுக்கே பயம். அன்று ராத்திரி நான் அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. அத்தை அடுத்ததாகப் புத்தூர்க் கட்டுக்குப் போகலாம் என்றார். எலும்பு உடைந்தால் கட்டலாம், இது எலும்பே இல்லையே என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். "டிஸ்க் நழுவிடுச்சு, உடனே ஆபரேஷன் பண்ணணும், இல்லேன்னா கால் வராமப் போயிடும்" என்றார்கள். என் கணவர் என் வளையலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அடகுக் கடைக்குப் போவதற்கு முன்னால் இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று சொன்னது என் அக்கா மகள். அவள் நர்சிங் படிக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்படித்தான் அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரைப் பார்த்தோம். அவர் ஸ்கேன் படத்தைக் கையில் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, முதலில் என்னைப் பார்த்தார். மல்லாந்து படுக்க வைத்து, முட்டியை மடக்காமல் காலைத் தூக்கினார். பாதி உயரத்திலேயே வலித்தது. குதிகாலில் நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நடக்கச் சொன்னார். பெருவிரலைத் தன் விரலால் அழுத்தி, "மேலே தூக்குங்கம்மா" என்றார். அப்புறம் சத்தத்தைக் குறைத்து, "ஒண்ணுக்கு, ரெண்டுக்கு போறதுல ஏதாவது மாற்றம் இருக்கா? உட்கார்ற இடம் மரத்துப் போச்சா?" என்று கேட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. வேகமாகத் தலையாட்டி, "இல்லீங்க சார்" என்றேன். கால் வலிக்கு இதை எதற்குக் கேட்கிறார் என்று மனசுக்குள் கோபம் கூட வந்தது. காரணத்தை நான் கேட்கவில்லை. அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

"கால்ல பலம் குறையலை. ஆறு வாரம் பார்ப்போம். பெரும்பாலானவங்களுக்குத் தானா சரியாயிடும். கத்தி வைக்கறது கடைசிதான்" என்றார். நான் நம்பாமல் நின்றதைப் பார்த்து, "கொழுக்கட்டை செய்வீங்களா?" என்று கேட்டார்.

சகோதரிகளே, அன்று அவர் சொன்னதை நான் யாருக்குச் சொன்னாலும் புரிந்துகொள்கிறார்கள். நம் முதுகெலும்பு ஒரே எலும்பு இல்லை, வளையம் வளையமாக அடுக்கியது. இரண்டு வளையத்துக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒரு வில்லை. மொத்தம் 23 வில்லைகள். அதைத்தான் டிஸ்க் என்கிறார்கள். வெளியே கெட்டியான நார், உள்ளே கொழகொழவென்று பூரணம் மாதிரி. முன்பக்கமாகக் குனிந்து கனத்தைத் தூக்கினால் கொழுக்கட்டையின் முன் ஓரத்தை அழுத்தின மாதிரி ஆகிறது. பூரணம் பின்பக்கம் தள்ளும். பின்னால்தான் காலுக்குப் போகும் நரம்பு இருக்கிறது. மேல்மாவு கிழிந்து பூரணம் வெளியே வந்து நரம்பைத் தொட்டால், வலி இடுப்பில் மட்டும் நிற்காது, அந்த நரம்பு போகும் வழியெல்லாம் போகும். இது பெரும்பாலும் முதுகின் கடைசி இரண்டு வில்லைகளில்தான் வருகிறதாம். உடம்பின் கனமெல்லாம் இறங்குவது அங்கேதான்.

ஆக, டிஸ்க் முழுசாக எங்கேயும் 'நழுவி' ஓடுவதில்லை. அதைத் தட்டியோ மிதித்தோ உள்ளே தள்ளவும் முடியாது. வெளியே வந்த பூரணத்தை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. வீக்கம் வடிய வடிய நரம்பின் எரிச்சலும் குறைகிறது. கால் வலிக்கு இந்த டிஸ்க்தான் காரணம் என்று உலகத்துக்கே தெளிவாகத் தெரிந்தது 1934இல், மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதிய பிறகுதானாம். நம் பாட்டிமார் வாயு என்று சொன்னதில் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேன் விஷயத்தையும் சொல்லவேண்டும். 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பை அக்கா மகள் படித்துச் சொன்னாள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், முப்பது வயதுக்காரர்களில் 100க்கு 40 பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்ததாம். படத்தில் புடைப்பு தெரிந்தால் மட்டும் ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. காலின் பலத்தையும் உணர்ச்சியையும் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

அடுத்த சண்டை படுக்கையைப் பற்றி. அத்தை ஒரு பலகையைப் போட்டு, ஒரு மாதம் அசையாமல் படு என்றார். டாக்டரோ, "வலி தாங்கலேன்னா ஒரு நாள், ரெண்டு நாள் படுங்க. அப்புறம் வீட்டுக்குள்ளயாவது நடங்க" என்றார். 1999இல் நெதர்லாந்து நாட்டில் இதையே சோதித்திருக்கிறார்கள். காலுக்கு வலி பாய்ந்தவர்களில் ஒரு பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்க வைத்தார்கள், மறு பாதியை நடமாட விட்டார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்தவர்களுக்கு ஒரு லாபமும் இல்லை. பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் போவதில்லை. அசைவால்தான் அதற்கு நீரும் சத்தும் போகிறது. படுத்தே கிடந்தால் தசைதான் தளரும். இதை அத்தையிடம் சொன்னபோது, "உன் டாக்டரு வந்து களி கிண்டுவாரா?" என்றார். கடைசியில் பத்து நாளும் களி கிண்டியது என் கணவர்தான். கட்டி கட்டியாக இருந்தது, சாப்பிட்டோம்.

பிஸியோதெரபியில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது மிகவும் எளிது. குப்புறப் படுப்பது. பழகியதும் முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் மெதுவாகத் தூக்குவது. இதற்கு ஒரு கதை உண்டு. 1956இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிஸியோதெரபிஸ்டிடம் வந்த ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி கிடந்தவருக்கு, எழுந்தபோது கால் வலி போயிருந்ததாம். ஆனால் இது எல்லோருக்கும் ஒத்துவராது. செய்யும்போது வலி பாதத்திலிருந்து மேலேறி இடுப்புக்கு வந்தால் நல்லது, இடுப்பு கொஞ்சம் அதிகமாக வலித்தாலும் பரவாயில்லை. வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால் உடனே நிறுத்தவேண்டும். எந்தப் பயிற்சி என்பதை நேரில் பார்த்தவர்தான் சொல்லவேண்டும், என் கடிதத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள்.

பத்தாவது வாரம் நான் கோலம் போட்டேன். ஆனால் பழையபடி போடவில்லை. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்குமாம். அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதுதான் ரொம்பக் கெடுதல். நாமோ எழுந்தவுடன் காலை விறைப்பாக வைத்து, இடுப்பை ஒடித்து, வாசல் பெருக்கி, கோலம் போட்டு, பிறகுதான் காப்பியே குடிக்கிறோம்! இப்போது எழுந்ததும் கொஞ்சம் நடக்கிறேன், அடுப்பு வேலையை நின்றபடி முடிக்கிறேன். வெயில் வந்த பிறகு ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து கோலம். விளக்குமாற்றுக்கு நீளமான மூங்கில் கட்டியாகிவிட்டது. களியைத் தரையில் வைத்துக் கிண்டுவதில்லை, மேடையிலேயே. ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் குடத்தை முக்கால் மட்டும் பிடித்து, முட்டியை மடக்கி, வயிற்றோடு அணைத்துத் தூக்குகிறேன். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாமல் காலை மாற்றி வைத்துத் திரும்புகிறேன். ராகி மூட்டை என்னைக் கவிழ்த்தது கனத்தால் இல்லை, அந்தத் திருப்பலால்தான். தக்காளிப் பெட்டியை இரண்டு பேராகத்தான் தூக்கவேண்டும் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டேன், கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். படுக்கையிலிருந்து நேராக எழாமல், ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுகிறேன். பெல்ட் வாங்கினேன், சில நாள் போட்டேன், இப்போது பீரோவில் இருக்கிறது.

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்று நம்மில் பலர் நம்புகிறோம். நானும் நம்பினேன். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம், பத்து வருஷம் கழித்து வரும் வலிக்கு ஊசி காரணமில்லை என்றார் டாக்டர். பிரசவத்தில் தளர்ந்த வயிற்றுத் தசையைக் கவனிக்காமல் விட்டதும், குழந்தையை இடுப்பிலேயே சுமந்ததும்தான் என்றார்.

இவ்வளவும் தெரிந்ததும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. அதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

என் நாத்தனாரைக் கெலமங்கலம் பக்கம் கொடுத்திருக்கிறோம். என்னைவிட ஆறு வயது சின்னவள். ரோஜாத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகிறவள். 2023 ஆடிக்கு வீட்டுக்கு வந்தபோதே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். ஒரு கால் வலிக்கிறது என்றாள். "பயப்படாதே, எனக்கும் இப்படித்தான். ஆபரேஷன் எல்லாம் வேணாம், நட, தானா சரியாயிடும்" என்று நான் டாக்டர் மாதிரி பேசினேன். மறுநாள் இரண்டு காலும் வலிக்கிறது என்றாள். அதற்கும் நட என்றேன். அதற்கு மறுநாள் வாசலில் அவள் நடந்து வரும்போது ஒரு செருப்பு கழன்று பின்னாலேயே கிடந்தது. அவளுக்குத் தெரியவில்லை. நான் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தச் செருப்பு என் கண்ணில் நிற்கிறது.

அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்குச் சமாளித்தாள். அன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு சமையலறைக்கு வந்து, என் காதருகில், "அண்ணி, நேத்துலேருந்து ஒண்ணுக்கு வரவே மாட்டேங்குது. முக்கினாலும் வரல. ஆனா துணி மட்டும் ஈரமாவுது, எனக்கே தெரியல. கழுவும்போது தொட்டா அந்த எடமே எனதில்லாத மாதிரி இருக்குது" என்றாள். "வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது, அம்மாகிட்ட எப்படிச் சொல்றது" என்று அழுதாள்.

அரசு டாக்டர் சத்தத்தைக் குறைத்துக் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. 108க்குப் போன் போட்டோம்.

முதுகுத் தண்டின் அடியில் நரம்புகள் குதிரை வால் மாதிரி கொத்தாகத் தொங்குகின்றன. அதற்குப் பெயரே குதிரை வால்தான். கால், சிறுநீர்ப்பை, மலவாய், பிறப்புறுப்பு எல்லாவற்றுக்கும் அந்தக் கொத்திலிருந்துதான் நரம்பு போகிறது. டிஸ்க்கின் பூரணம் பெரிதாக வெளியே வந்து கொத்து முழுவதையும் நசுக்கிவிட்டால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் ஆபரேஷன் செய்கிறார்களோ அவ்வளவு நல்லது, 48 மணி நேரத்துக்குள் செய்தால் குணமாக வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். டிஸ்க் வந்தவர்களில் இப்படி ஆகிறவர்கள் ரொம்பக் குறைவு. அந்தக் குறைவில் ஒருத்தியாக எங்கள் வீட்டுப் பெண் இருந்தாள்.

பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் ஆபரேஷன் நடந்தது. டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. "ஒரு நாள் முன்னாடி வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். சிறுநீர் உணர்ச்சி முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, கணவன் மனைவி உறவிலும் உணர்ச்சி குறையலாம், அதையும் கணவரிடம் மறைக்காதே என்று அவளிடமே நேராகச் சொன்னார்.

கால் பலம் மூன்று மாதத்தில் வந்தது. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளியில் 5-8-2021 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிஸியோதெரபி சொல்லிக் கொடுக்கிறார்கள். அது அவளுக்குப் பெரிய உதவி. சிறுநீருக்கு நான்கு மாதம் டியூப். இப்போது டியூப் இல்லை. ஆனால் வருவது இன்னும் தெரிவதில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு போகிறாள். கல்யாண வீட்டில் அலாரம் அடித்தால் யாருக்கோ போன் என்று சொல்லிச் சமாளிக்கிறாள். என் பேச்சைக் கேட்காமல் இரண்டு கால் வலித்த அன்றே டாக்டரிடம் போயிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதனால் வாசகியருக்கு ஒன்று. சாதாரண இடுப்பு வலிக்குப் பயந்து ஓடவேண்டாம். ஆனால் வலி இரண்டு காலுக்கும் பரவினால், பாதம் தொங்கினால், செருப்பு கழன்றது தெரியாவிட்டால், உட்காரும் இடம் மரத்தால், ஒண்ணுக்கு வராவிட்டால் அல்லது தெரியாமல் போனால், ராத்திரி என்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு, படுத்தாலும் தீராத வலி இருந்தால் அது டிஸ்க்காக இல்லாமல் முதுகெலும்புக் காசநோயாகக்கூட இருக்கலாம், அதையும் காட்டவேண்டும். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் கிட்னியும் கெடும்.

இதை எழுதட்டுமா என்று நாத்தனாரைத்தான் முதலில் கேட்டேன். "என் பேரைப் போடாதீங்க அண்ணி. ஆனா அந்த விஷயத்தை நாசூக்கா எழுதறேன்னு மறைச்சுடாதீங்க" என்றாள்.

போன வாரம் எதிர்வீட்டு மருமகள், கம்பெனிக்குப் போகிற பெண், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, "அக்கா, நீங்க என்னமோ எக்சர்சைஸ் செய்வீங்களாமே, சொல்லித் தாங்க" என்றாள். உட்கார வைத்து, கதவைச் சாத்தி, ஒண்ணுக்குப் போவதைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சிரிச்சது போதும், பதிலைச் சொல்லு" என்றேன்.

ஒரு வாசகி,
உத்தனப்பள்ளி.